ஜட்காவில் முடிந்த பாட்டு

இன்று காலை பக்கத்து வீட்டில் கொள்ளு வேகவைத்தார்கள், ரசம் வைக்க. எனக்கு அந்த வாசனை வந்தால் கை தானாகக் கடிவாளத்தைத் தேடும். பதினைந்து வருஷம் ஜட்கா ஓட்டியவன் நான். கொள்ளு என்றால் குதிரை. குதிரை என்றால் வேலூரிலிருந்து கணியம்பாடி போகிற சாலை. அந்தச் சாலை என்றால் பாட்டு வாத்தியார். மூன்றாம் வகுப்போடு நின்றவனுக்கு ஒன்றைப் பிடித்து இன்னொன்றுக்கு இப்படித்தான் போகத் தெரியும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாத்தியார் கலவை ஊர்க்காரர். அவருடைய அப்பா வெல்லக் கடை வைத்திருந்தார். பிள்ளை கடையில் உட்காராமல் நாகஸ்வரக்காரர்கள் பின்னால் ஊர் ஊராகப் போய்விட்டது. நடுவயதில் கணியம்பாடியில் குடியேறி, தினமும் வேலூர் வந்து பாட்டுச் சொல்லிக்கொடுத்தார். சொந்தமாக நாற்பது, ஐம்பது பாட்டாவது கட்டியிருப்பார். வார்த்தைகளைச் சீடர்கள் நோட்டில் எழுதிக்கொள்வார்கள். மெட்டை மட்டும் எழுதவிட மாட்டார். "கேட்டு வாங்கிக்கோ. காகிதத்துல எழுதினா காது சோம்பேறி ஆய்டும்" என்பார்.

ஒருமுறை பட்டணத்துச் சபையில் பாட அழைப்பு வந்தது. அரக்கோணத்தில் தண்ணீர் குடிக்க இறங்கினாராம். ஏதோ ஒரு பாட்டின் அடி மனசில் ஓட, பெஞ்சியில் உட்கார்ந்துவிட்டார். ரயில் போய்விட்டது. மறுநாள் என் வண்டியில் ஏறியபோது, "இன்னா வாத்தியாரே, கச்சேரி?" என்றேன். "ரயில் போச்சு பாய். ஆனா அடி வந்துச்சு" என்றார். அதற்கப்புறம் யாரும் கூப்பிடவில்லை.

பாட்டுக் கட்டுவதற்கு அவருக்கு வீடு ஆகாது, வண்டி வேண்டும். என் குதிரைக்குப் பின்னங்கால் ஒன்றில் லேசான நொண்டல். நாலு குளம்படியில் ஒன்று பிந்தி விழும். மற்ற சவாரிகள் முகம் சுளிப்பார்கள். வாத்தியாரோ அதையே தாளமாக வைத்துக்கொண்டு வண்டிப் பலகையில் தட்டுவார். எதிரே உப்புப் போட்ட தோல் ஏற்றிய வண்டிகள் தோல் மண்டிக்குப் போகும். துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டாலும் அவர் முனகல் நிற்காது. திடீரென்று, "நிறுத்து பாய்!" என்பார். நடுரோட்டில் நிறுத்துவேன். "யோவ், வண்டிய ஓரம் கட்டுய்யா! சவாரி செத்துப்போச்சா?" என்று பின்னால் வருகிறவன் கத்துவான்.

ஒரே அடியை இரண்டு விதமாகப் பாடிக் காட்டி, "எது தேவலாம்?" என்று என்னைக் கேட்பார். "ரெண்டும் நல்லாக்கீதுங்க" என்பேன். பத்து வருஷமாக அதே பதில்தான். "உனக்குப் பதிலா குதிரையக் கேட்கலாம்" என்று திட்டுவார். எனக்குக் கூச்சம். சவாரி கூப்பிடவே வாய் வராத ஜட்காக்காரன் வேலூரிலேயே நான் ஒருத்தன்தான்.

வள்ளிமலை முருகன்மேல் அவர் கட்டிய கடைசிப் பாட்டில் பல்லவியும் அனுபல்லவியும் முடிந்து, கோபால்சாமிக்குப் பாடமாகிவிட்டன. கோபால்சாமி தோல் மண்டியில் தரம் பிரிக்கிறவர். சீடர்களில் நல்ல குரல் அவருக்குத்தான். சரணத்துக்கு வார்த்தை இருந்தது, மெட்டு இல்லை. ஒரு சாயங்காலம் வண்டியில் அதுவும் வந்தது. நாலு அடி. மேலிருந்து இறங்கி, பாதியில் யாரோ கூப்பிட்டதுபோல் நின்று திரும்பிப் பார்த்துவிட்டு, மறுபடி இறங்கும். வீடு வரும்வரை பாடிக்கொண்டே வந்தார். அன்று அவர் என்னை எதுவும் கேட்கவில்லை. நானே, "நல்லாக்கீதுங்க" என்றேன். "நாளைக்கு கோபால்சாமிக்குச் சொல்லிடணும்" என்று இறங்கிப் போனார்.

விடிந்தபோது பாரிசவாயு. வலப்பக்கமும் பேச்சும் போய்விட்டன.

நாலாம் நாள் கோபால்சாமியை நான்தான் வண்டியில் கூட்டிப்போனேன். அவர் வாத்தியாரின் கட்டிலருகே உட்கார்ந்து, "ஐயா, சரணம்?" என்றார். வாத்தியார் இடக்கையைத் தூக்கினார். அது வாசலில் நின்ற என்னைக் காட்டியது.

"பாய், உனக்குத் தெரியுமா?"

தலையாட்டினேன். தெரியும். ஒரு சுழி விடாமல் காதுக்குள் இருந்தது.

"அப்ப பாடு."

வாயைத் திறந்தேன். குதிரையை அதட்டித்தான் இந்தத் தொண்டைக்குப் பழக்கம். வந்த சத்தத்தை என்னவென்று சொல்ல! கோபால்சாமி சிரிக்கவில்லை; அது இன்னும் கஷ்டமாக இருந்தது. தரையில் தட்டிக் காட்டினேன்.

"தாளம் சரி. மெட்டு? இப்படியா?"

"இல்லீங்க."

"இப்படி?"

"இன்னும் கொஞ்சம் கீழ... அவ்ளோ இல்லீங்க."

உச்சி வெயில் வரை இதுதான். வாத்தியார் ஒவ்வொன்றுக்கும் தலையை இடமும் வலமும் அசைத்தார். கண்ணோரம் நீர் வழிந்துகொண்டே இருந்தது. கடைசியில் அவர் சம்சாரம், "போதும், விட்டுடுங்கப்பா. அவருக்கு மூச்சு வாங்குது" என்றார். கோபால்சாமி இன்னொரு விதமாகப் பாடினார். அழகாகத்தான் இருந்தது. ஆனால் அது இல்லை.

வாத்தியார் என்னைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு கோபால்சாமியிடம் திரும்பி, ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

கோபால்சாமி அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். 'அது இல்லீங்க' என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் மறுபடி, "அப்ப பாடு" என்பார்களே. குதிரைக்குத் தண்ணீர் காட்டும் சாக்கில் வெளியே போய்விட்டேன். அந்த மாதம் முடிவதற்குள் வாத்தியார் போய்விட்டார்.

இப்போது அந்தச் சாலையில் பஸ் ஓடுகிறது. வாத்தியார் வீட்டில் தோல் பதனிடுகிற ஆவாரம்பட்டை மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். பாட்டு மட்டும் நன்றாகப் பரவிவிட்டது. ஆம்பூர்ப் பக்கம் அதில்லாமல் கல்யாணக் கச்சேரி கிடையாது. எல்லோரும் கோபால்சாமியின் சரணத்தைத்தான் பாடுகிறார்கள். அதை வாத்தியார் மெட்டு என்றே நம்புகிறார்கள்.

உண்மையான மெட்டு என்னிடம் இருக்கிறது என்று இத்தனை வருஷம் ஒரு தைரியம் இருந்தது. யாரும் இல்லாத நேரம் ஏரிக்கரையில் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல் அதை ஓடவிட்டுக் கேட்பேன். எத்தனை கல்யாணத்தில்தான் காதைப் பொத்திக்கொள்வது? முதலில் கடைசி அடி மாறிற்று. பிறகு மூன்றாவது. போன மாதம் வரை, அந்தத் திரும்பிப் பார்க்கிற இடம் சரியாக இருந்தது. நேற்றுக் கேட்டுப் பார்த்தேன். அங்கேயும் கோபால்சாமிதான் பாடுகிறார்.