சிலையில் முகம் வேண்டாம் என்றவன்

குருவி... போயிட்டியே சாமி.

நாமக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கம் என் தோசை வண்டிக்கு வருகிறவர்களுக்குக் குருவியைத் தெரியும். தட்டு எடுப்பான், தண்ணி ஊற்றுவான். பத்து வயசு இருக்கும்.

நேற்று மத்தியானம் வெயிலுக்கு, நின்றிருந்த லாரிக்கு அடியில் படுத்திருக்கிறான். டிரைவர் பார்க்காமல் வண்டியை எடுத்துவிட்டார்...

பார்க் வாசலில் ஒரு சிமெண்ட் சிலை இருக்கிறதே. சட்டைக்குள் முழங்காலை இழுத்துக்கொண்டு, முகத்தைப் புதைத்து உட்கார்ந்திருக்கும் பையன். அது அவன்தான். வீடில்லாத பிள்ளைகளுக்காக என்று ஒரு காலேஜ் தம்பி செய்தது.

என் வண்டி பக்கத்தில்தான் இவனை உட்கார வைத்துக் களிமண்ணில் பிடித்துப் பார்த்தார். "தலையத் தூக்கு சாமி, மூஞ்சி தெரியட்டும்" என்று கெஞ்சினார்.

"மூஞ்சி மட்டும் வேண்டாம்ங்ண்ணா. பாத்துட்டு வந்து இழுத்துட்டுப் போயிருவாங்க."

யாருடா என்று கேட்டேன்.

"தோசை கருகுதுங்கக்கா, பாருங்க" என்றான். அவ்வளவுதான்.

சிலை வைத்த புதிதில் ஒரு அம்மா அதற்குத் திருநீறு பூசி, வாழைப்பழம் வைத்துக் கும்பிட்டார். அவர் திரும்புவதற்குள் இவன் உரித்துவிட்டான்.

"ஏன்டா, சாமிக்கு வெச்சதத் திங்கறே?"

"அந்தச் சாமியே நாந்தானுங்கம்மா!"

அந்த அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இப்போது ஜி.எச். பிணவறையில் கிடக்கிறான். சொந்தக்காரர்கள் வந்தால்தான் கொடுப்பார்களாம். இல்லையென்றால் அநாதைப் பிணம் என்று அவர்களே புதைத்துவிடுவார்கள்.

நான் வாங்கிக்கொள்கிறேன் என்றேன். "நீங்க அவனுக்கு என்னங்க வேணும்?" என்று போலீஸ்காரர் கேட்டார்.

"போட்டோ இருந்தா ஃபேஸ்புக்ல போடுங்கக்கா. அவன் சனம் யாராச்சும் பாத்துட்டு வருவாங்க" என்றார்.

இருக்கிறது. வாய் நிறையப் பழத்தோடு சிரிக்கிறான். யாருக்கும் காட்டக் கூடாது என்று என் கையைத் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் எடுக்கவிட்டான்.

அதனால் சிலையைத்தான் போட்டிருக்கிறேன். அதைப் பார்த்து யாருக்கு என்ன தெரியும்...

நாளைக் காலை வரைதான் வைத்திருப்பார்களாம்.

வருகிறவர்கள் உன்னைத் தேடி அழுகிறவர்களா, நீ யாருக்குப் பயந்து ஓடி வந்தாயோ அவர்களா, எனக்குத் தெரியாது சாமி.

உன் மூஞ்சியைப் போடட்டுமா, வேண்டாமா?