நகைக்கடை முதலாளியின் மச்சான்

நேற்றும் கரண்ட் போனது. எதிர்வீட்டு ஜெனரேட்டரின் டீசல் புகை ஜன்னல் வழியாக உள்ளே வந்ததும், மகளின் போனில் தமிழ் பேசிக்கொண்டிருந்த கொரியப் படத்தை விட்டுவிட்டு என் மனசு லூர்து அக்காவின் வீடியோ கொட்டகைக்கு ஓடிவிட்டது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருஷங்கள், ரங்கூன் என்கிற யாங்கோனில் எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்றால் அந்தக் கொட்டகைதான். மாதா கோயில் பூசை முடிந்து வருகிறவர்கள் உண்டு, பூசைக்கே போகாமல் வரும் என்னைப் போன்ற உத்தமர்களும் உண்டு. பாதிப்பேர் பர்மியர்கள். கொரிய விசிடியில் ஆங்கில எழுத்துதான் ஓடும். மிஷன் பள்ளியில் படித்த அக்கா டிவி பக்கத்தில் நின்று, அதை வாசித்துப் பர்மியிலும் தமிழிலும் கதை சொல்வார். வெட்டும் குத்தும் அவர் வாயில் மீன்குழம்புப் பக்குவம் மாதிரி நிதானமாக வரும்.

கடைசி வரிசையில் ராணுவ ஆட்சியின் வட்டார அலுவலகத்துக்காரர் ஒருவர் ஓசியில் படம் பார்ப்பார். எல்லோருக்கும் அவர் ஊலே, அதாவது மாமா. அவர் காதுக்குப் பயந்து அக்கா கதையை மாற்றிவிடுவார். லஞ்சம் வாங்கும் மந்திரி நகைக்கடை முதலாளி ஆவார். போலீஸ் அதிகாரி, முதலாளியின் மச்சான். தொப்பியும் துப்பாக்கியுமாக ஆள் வந்து நின்றாலும், "மச்சான் வந்துட்டாருப்பா," என்பார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற அந்தக் கதையை நாங்களும் தலையாட்டிக் கேட்போம். சிரிப்பை அடக்க முடியாதவர்கள் இருமுவார்கள். மச்சான் உதை வாங்கினால் கொட்டகைக்கே சளி பிடித்துவிடும்.

அக்காவின் தம்பி ஆட்சிக்கு எதிராக ஏதோ துண்டுப் பிரசுரம் கொடுத்தார் என்று அப்போது சிறையில் இருந்தார். அக்கா மாதாமாதம் ஊரைச் சுற்றி ஓடும் வட்ட ரயில் ஏறிச் சாப்பாடு கொண்டுபோவார். ஒரு சனிக்கிழமை அவரைப் பார்க்க விடாமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் படத்தில் மச்சான் ஒரு பையனைக் கட்டிவைத்து அடித்துக்கொண்டிருந்தார். அக்கா பேச்சை நிறுத்தினார். பிறகு மெதுவாக, "மச்சான் இல்லப்பா. போலீஸு. மந்திரி சொல்லித்தான் அடிக்கிறான். அந்தப் புள்ள ஒண்ணும் பண்ணல," என்றார். அதையே பர்மியிலும் சொன்னார்.

கொட்டகை ஜெனரேட்டரின் சத்தம் மட்டும் கேட்டது. நான் பின்னால் திரும்பாமல் டிவியையே பார்த்தேன். அப்போது கடைசி வரிசையில் ஓர் இருமல். ஊலேதான்! நன்றாக, நீளமாக இருமினார். அதன்பிறகே எங்களுக்கு உயிர் வந்தது. எல்லோரும் சேர்ந்து இருமினோம்.

ஆனாலும் அந்த வாரமே கொட்டகையை மூடச்சொல்லி ஆள் வந்தது. அக்கா யாங்கோனுக்கு வெளியே மாவ்பியில் இருந்த சொந்தக்காரர்களிடம் போய்விட்டார். தம்பி வெளியே வந்தாரா, தெரியாது. போட்டுக்கொடுத்தது யார் என்றும் தெரியாது. ஊலே இல்லை என்று இன்றும் நம்புகிறேன். அப்படியென்றால் சேர்ந்து இருமியவர்களில் ஒருவர். அதற்குப் பிறகு தேநீர்க் கடையில் பார்த்துக்கொண்டால்கூட நாங்கள் யாரும் அந்தப் படத்தைப் பற்றிப் பேசியதில்லை.

மகளின் போனில் தொப்பி போட்ட ஒருவர் வந்தார். "கமிஷனர் வந்துட்டார்," என்றது தமிழ்க் குரல், உள்ளது உள்ளபடி.

"மச்சான்," என்றேன், என்னை அறியாமல்.

"எந்த மச்சான்ப்பா?" என்றாள் மகள்.

சொல்லத்தான் வாயெடுத்தேன். இருமிச் சமாளித்தேன். கூட இருமத்தான் ஆள் இல்லை.