பாதிப் பணம் திரும்பி வரும்

வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுப்பதற்கென்றே சம்பளத்துக்கு ஆள் வைக்கும் வேலை ஒன்று உண்டென்றால், அது என்னுடையதுதான். திருப்பதியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. தடுப்பூசிப் பிரிவுக்கு வெளியே ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், நான். விலை அதிகமான சில ஊசிகளுக்கு மருந்துக் கம்பெனியே பாதிப் பணத்தைத் திருப்பித் தரும். அதற்கு முதலில் முழுப் பில்லையும் கட்ட வேண்டும். மருந்து வந்த டப்பாவின் மேலிருக்கும் கறுப்புக் கட்டத்தை ஸ்கேன் செய்ய வேண்டும். செல்போனுக்கு முன்னால் முகத்தைக் காட்ட வேண்டும். இப்படி ஏதாவது ஒரு பணம் வருமா வராதா என்று நீங்களும் செல்போனையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். ஆகவே என் பாடு உங்களுக்குப் புரியும்.

மண்டிக்காரர் சந்தேகம்

பங்காருபாளையத்திலிருந்து மாங்காய் மண்டிக்காரர் ஒருவர் நிமோனியா ஊசி போட்டுக்கொள்ள வந்தார். திட்டத்தை மூச்சுவிடாமல் விளக்கினேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே பொறுமையாகக் கேட்டவர், கடைசியில் ஒரே ஒரு சந்தேகம் கேட்டார். கம்பெனிப் பிரதிநிதியிடம் அதையே கேட்டேன். அவர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு நழுவிவிட்டார். உங்களுக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். மண்டிக்காரர் கேட்டது இதுதான்:

“தர்றதுன்னு முடிவு பண்ணிட்டீங்க இல்ல நைனா, அத கழிச்சிக்கினு மீதிய வாங்கினா உங்களுக்கு இன்னா கஷ்டம்?”

பத்திரமான இடம்

கஸ்தூரி நாகலாபுரத்துக்காரி. ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. சொந்த அக்காவைக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவள். அதனால் மகள் பவானிக்கு அந்த நோய்க்கான தடுப்பூசியைப் போட்டே தீருவது என்று வந்து நின்றாள். இரண்டு தவணை ஊசி. கையிலிருந்த போனஸ் முதல் ஊசியோடு சரியாகப் போயிற்று. திரும்பி வரும் பணத்தோடு சம்பளத்தில் மிச்சம் பிடித்ததைச் சேர்த்தால்தான் இரண்டாவது ஊசி. அது வராவிட்டால் ஊசியும் இல்லை.

பில்லும் முகமும் அன்றைக்கே பதிவாகிவிட்டன. டப்பாவை ஸ்கேன் செய்யும் நேரம் பார்த்து கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டது. “டப்பாவைப் பத்திரமா வெச்சிருந்து கொண்டு வாங்கம்மா” என்று அனுப்பினேன். மறுபடி வந்தபோது டப்பா மஞ்சளும் சந்தனமுமாக மணத்தது. நடுவில் ஒரு பெரிய குங்குமப் பொட்டு, சரியாக அந்தக் கறுப்புக் கட்டத்தின் மேலேயே. ஸ்கேனர் மறுத்துவிட்டது. மை அழிந்தால் பணமும் அழிந்துவிடும் என்று பயந்து பயந்து, பஞ்சால் தொட்டுத் தொட்டுத் துடைத்தேன். ஒருவழியாக ஸ்கேனர் கத்தியபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. “ஏம்மா இப்படி?” என்றேன்.

“பத்திரமா வைன்னு நீங்கதாண்ணா சொன்னீங்க. எங்க ஊட்ல சாமி மாடத்தவிட பத்திரமான எடம் எது?”

பெருமாளுக்கு முன்பணம்

டப்பா சரியானதும் கடைசியாக ஒரு வேலை பாக்கி. பில் கட்டியவரின் முகத்தைச் செல்போன் இன்னொரு முறை பார்த்து, பழைய படத்தோடு ஒப்பிட்டு, அதே ஆள்தான் என்று சொல்ல வேண்டும். பழைய படத்தில் கஸ்தூரிக்கு இடுப்புவரை பின்னல், அதில் கனகாம்பரம். எதிரில் நின்ற கஸ்தூரிக்குப் பளபளவென்று மொட்டை, அதன் மேல் சந்தனம். பணம் திரும்பி வர வேண்டும் என்று மலைமேல் பெருமாளுக்கு வேண்டுதலாம். செல்போன் ‘முகம் பொருந்தவில்லை’ என்றது. வெளிச்சத்துக்கு நகர்த்திப் பார்த்தேன். முந்தானையைத் தலையில் போடச் சொல்லிப் பார்த்தேன். அது சொன்னதையே சொன்னது. “பணம் வர்றதுக்குத்தானே வேண்டிக்கிட்டீங்க? வந்தப்புறம் மொட்டை போட்டிருக்கக் கூடாதாம்மா?” என்று கேட்டேவிட்டேன்.

“மொதல்ல முழுசா கட்டணும், அப்பறம்தான் திரும்பி வரும்னு நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்க. பெருமாளுக்கும் அப்டிதான் இருக்கும்னு மொதல்லியே கட்டிட்டேண்ணா.”

மொட்டைகளின் சாட்சி

மருந்துக் கம்பெனியின் உதவி எண்ணில் ஹைதராபாத்திலிருந்து ஒரு அம்மா பேசினார். முடி வளர்ந்ததும் மறுபடி விண்ணப்பிக்கட்டும் என்று அழகான தெலுங்கில் சொன்னார். இரண்டாவது ஊசிக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. கஸ்தூரி பக்கத்தில் நின்ற பவானியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அன்றைக்கு நிஜமாகவே கோபம் வந்தது. அந்த அம்மாவை வீடியோ அழைப்பில் கூப்பிட்டு, செல்போனைக் காத்திருப்பவர்கள் பக்கம் திருப்பினேன். மலையிலிருந்து நேராக இறங்கி வந்த ஒரு குடும்பம், தாத்தா முதல் கைக்குழந்தை வரை மொட்டை. அவர்களுக்குப் பக்கத்தில் இன்னும் சில மொட்டைகள். என்ன சத்தம் என்று பார்க்க வந்த எங்கள் மேனேஜரும் போன வாரம்தான் மொட்டை போட்டிருந்தார். “மேடம், மொட்டைக்குப் பணம் கிடையாதுன்னா எங்க ஊர்ல கடையைக் கட்டிடுங்க” என்றேன்.

அந்தப் பக்கம் சிரிப்பு வெடித்தது. கஸ்தூரியை முகத்தைக் கிட்டே கொண்டுவரச் சொல்லி, மூக்கோரத்து மச்சத்தைப் பழைய படத்தோடு ஒப்பிட்டு, அவரே ஒப்புதல் கொடுத்தார். மொட்டைத் தலையோடு புதுப் படமும் பதிவாயிற்று. பணம் வந்தது. பவானிக்கு உரிய நாளில் இரண்டாவது ஊசியும் போட்டாயிற்று. “எங்க அக்கா இருந்து இத பாக்கணும்” என்று கஸ்தூரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்போதுதான் அவள் பொட்டு வைக்காத புது டப்பாவை மேசைமேல் வைத்துவிட்டு, லேசாக முளைத்திருந்த தலையைத் தடவிக்கொண்டே கேட்டாள்:

“இதுக்கும் பாதி வரும் இல்லண்ணா? ஆனா அவங்க மொகம் பாக்கறதுக்குள்ள முடி வளந்துட்டா, இது வேற ஆளுன்னு சொல்லிட மாட்டாங்களே?”

இந்த மேசையில் இத்தனை காலம் உட்கார்ந்து பார்த்ததில், டப்பாவும் பில்லும் முகமும் கேட்காமல், கொடுத்தது முழுசாகத் தானாகவே திரும்பி வருவது கஸ்தூரியின் முடி ஒன்றுதான்.