ஜன்னலில்லாத அறையில் ஒஸ்லோவுக்கு

மே மாதக் கடைசியில் ஒரு காலை, யாங்கூன் விமான நிலையத்தில் எங்கள் பெட்டியை எடை போட்டார்கள். இருபத்திரண்டரைக் கிலோ. அதில் பாதி சாப்பாடு: அரிசி, பருப்பு, இறால் வறுவல், ஊறவைத்த தேயிலையான லப்பே, ஒரு சின்ன ரைஸ் குக்கர். டென்மார்க், நார்வே, ஸ்வீடன், பின்லாந்து என்று நான்கு நாடுகளுக்குப் போகிறவர்கள் அரிசியோடு போவதா என்று நாத்தனார் சிரித்தாள். அந்த ஊர்களில் ஒரு வேளைச் சாப்பாட்டின் விலை தெரிந்திருந்தால் அவளே இன்னும் இரண்டு கிலோ கட்டிக்கொடுத்திருப்பாள்.

படுக்கை, வண்டி, சோறு எல்லாம் அடங்க இருவருக்கும் ஒரு நாளைக்கு நூற்றைம்பது யூரோ என்று நான் வரம்பு வைத்திருந்தேன். யாங்கூனின் லத்தாப் பகுதியில் துணி மொத்தக் கடையொன்றில் கணக்கு எழுதுகிறவள் நான். வரம்பு வைத்தால் தாண்ட மாட்டேன்.

என் கணவர் சுப்பையா பத்தொன்பது வருஷம் சரக்குக் கப்பல்களில் இஞ்சின் அறையில் வேலை பார்த்தவர். கோபன்ஹேகனுக்குப் பல தடவை போயும் துறைமுகக் கேட்டைத் தாண்டியதில்லை. சரக்கு இறங்கும்வரை கீழே பழுது பார்ப்பார். மேலே வருவதற்குள் கப்பல் கிளம்பிவிடும். "ஒரு தடவை டிக்கெட் வாங்கிட்டுப் போவோம் மல்லி" என்று லீவில் வரும்போதெல்லாம் சொல்வார். அவர் வேலையை விட்டதும், சேமிப்பைப் போட்டு யாங்கூனிலேயே தாமுவே பக்கம் இன்னொரு வீடு வாங்கச் சொன்னார்கள் உறவினர்கள். நாங்கள் விசா வாங்கினோம்.

கோபன்ஹேகனில் இரண்டு நாள். குளியலறை வெளியே இருக்கும் அறைக்கு 690 குரோனர், அதாவது தொண்ணூற்றிரண்டு யூரோ. விடுதியின் பொதுச் சமையலறையில் சோறு வடித்துக்கொண்டு ஊரெல்லாம் நடந்தோம். கால்வாய் ஓரம் ஒரு கடையில் காப்பி 45 குரோனர். அவர் பலகையைப் படித்துவிட்டு, "எனக்குத் தாகமில்ல" என்றார். அருங்காட்சியக வாசலில், "கால் வலிக்குது, நீ போய்ட்டு வா" என்றார். கணக்கு சரியாக வந்தது. அவர் முகம்தான் சரியாக இல்லை.

மூன்றாம் நாள் பிற்பகல் மூன்று மணிக்கு ஒஸ்லோ கப்பல். இரவு முழுக்க ஓடி மறுநாள் காலை பத்து மணிக்குச் சேரும். அறை வாடகையும் பயணச் செலவும் ஒன்றாக முடிவதால், சிங்கப்பூரில் இருக்கும் என் அண்ணன் மகளைக்கொண்டு முன்பே பதிவு செய்திருந்தேன். இருப்பதிலேயே மலிவான அறை, 110 யூரோ. கப்பலின் அடித்தட்டில் இருந்தது; ஜன்னல் கிடையாது. காலையில் கட்டிக்கொண்டு வந்த சோற்றை அங்கேயே சாப்பிட்டோம். அவர் படுத்துக்கொண்டு சுவரில் கை வைத்தார்.

"இஞ்சின் நல்லா ஓடுது."

"என்னங்க, ஒரு மாதிரி இருக்கீங்க?"

"ஒண்ணுமில்ல. பழைய எடம்தான். மேல என்ன போகுதுன்னு தெரியாமப் படுத்திருப்போம்ல, அது மாதிரி இருக்கு."

இவ்வளவு தூரம் கூட்டிவந்து, மறுபடியும் அவரைக் கப்பலுக்கு அடியில் படுக்க வைத்திருந்தேன்.

காலை விடிந்ததும் அவரை எழுப்பி ஏழாம் தளத்துக்குக் கூட்டிப்போனேன். ஜன்னலோர மேசை, இருவருக்கும் காலைச் சாப்பாடு, 370 குரோனர், ஏறக்குறைய ஐம்பது யூரோ. எவ்வளவு என்று கேட்டார், நான் சொல்லவில்லை. கப்பல் ஒஸ்லோ வளைகுடாவுக்குள் நுழைந்திருந்தது. இரு புறமும் பைன் காடு, தண்ணீர்வரை இறங்கிய பாறை, தீவுக்கொரு சிவப்பு மரவீடு. அவர் தட்டை மூன்று தடவை நிரப்பினார். ஒவ்வொரு மிதவையையும் விளக்குத் தூணையும் காட்டி அது எதற்கென்று சொல்லிக்கொண்டே வந்தார். தாகமில்லை என்ற பேச்சே இல்லை. நான்கு கோப்பை காப்பி குடித்தார்.

பக்கத்து மேசையிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒஸ்லோவில் குடியிருப்பவர்.

"தமிழ் கதைக்கிறியள். எந்த இடம்?"

"பர்மா. யாங்கூன்."

"அங்கையும் எங்கட ஆக்கள் இருக்கினமோ?"

"நிறைய இருக்கோம்க்கா."

அடுத்து எங்கே என்றார். ஸ்டாக்ஹோம், 520 கிலோமீட்டர், பஸ் நிலையத்தில் டிக்கெட் வாங்கிக்கொள்வோம் என்றேன். டென்மார்க்கில் மாற்றியது போக எங்கள் பணமெல்லாம் மடிப்பு விழாத யூரோ நோட்டு. யாங்கூனில் கசங்கிய நோட்டுக்கு மதிப்புக் குறைவு என்பதால் அட்டைக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்தது.

"காசோ? ஸ்வீடனிலை அதை ஆரும் வாங்க மாட்டினம். எல்லாம் கார்ட்தான்" என்றார்.

எங்களிடம் வெளிநாட்டில் செல்லும் கார்டே இல்லை. அந்தப் பெண் தன் போனை எடுத்து, பஸ், ஸ்டாக்ஹோம் விடுதி, அங்கிருந்து பின்லாந்தின் துர்க்குவுக்குக் கப்பல் என்று ஒவ்வொன்றாகத் தன் கார்டில் பதிவு செய்தார். நான் நோட்டுகளை அவர் கையில் கொடுத்தேன்.

"கப்பல்ல ஜன்னல் வச்ச அறை இருக்கான்னு பாருங்கக்கா."

"இருபத்திரண்டு யூரோ கூட வரும். பரவாயில்லையோ?"

"பரவாயில்லை."

என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

ஹெல்சிங்கியிலிருந்து திரும்பும்போது என் வரம்பை மொத்தத்தில் 64 யூரோ தாண்டியிருந்தேன். நாத்தனாருக்குச் சாக்லேட் வாங்கவில்லை. அதற்கு அவள் இன்னும் குத்திப் பேசுகிறாள்.

இங்கே மழைக்காலம் தொடங்கிவிட்டது. மின்சாரம் வரும் நேரம் பார்த்துத் தண்ணீர் ஏற்றுகிறோம். ஊரின் மறுபக்கம் க்யிம்யிண்டைங்கில் இருக்கும் சாந்தி போன வாரம் வந்தாள். அவள் கணவன் இப்போது கப்பலில் இருக்கிறான். மாலுமிகளின் மனைவிகள் நாங்கள் ஒருவரையொருவர் அறிவோம். மற்றவர்களைப் போலப் பயணத்துக்கு எவ்வளவு ஆனது என்று அவள் கேட்கவில்லை.

"மாசம் எவ்வளவு ஒதுக்கினா ரெண்டு பேரும் போகலாங்க்கா?" என்றாள்.

உட்காரச் சொல்லி, என் கணக்கு நோட்டை அவள் முன் வைத்துவிட்டுத் தேநீர் போட எழுந்தேன்.