துணைக்கால் விழுந்த வரி

திருத்தணிக்கு வந்து மொட்டை போட்டுக்கொள்பவர்களில் பலருடைய தலையில் ரஞ்சிதம் அக்காவின் உள்ளங்கை ஒருமுறையாவது பட்டிருக்கும். முடி இறக்கும் கொட்டகைக்கு வெளியே, ஒரு குண்டானில் சந்தனத்தைக் கரைத்து வைத்துக்கொண்டு, "மொட்டைக்குச் சந்தனம், குண்டுகி கந்தம்" என்று தமிழ், தெலுங்கு இரண்டு பாஷையிலும் கத்திக்கொண்டிருப்பார். குழந்தை தலையைத் திருப்பினால், "ஆட்டாத கண்ணு, உன் தலைய நான் எடுத்துகினு போவ மாட்டேன்" என்பார். குழந்தை இன்னும் சத்தமாக அழும். அக்கா பெற்றவர்களை முறைப்பார்.

கல்யாணத்துக்கு முன்னால் திருவாலங்காட்டுப் பக்கம் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தவர். மாமன் மகன் ஜெகநாதனைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தார். ஜெகநாதன் ஷேர் ஆட்டோ ஓட்டினார். போன வருடம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பவில்லை. ஓராண்டு நிறைவதற்கு முந்தைய நாள்தான் அக்கா எங்கள் கடைக்கு வந்தார்.

எங்கள் கடை என்றால், குமரேசன் அண்ணனுடையது. நான் அங்கே கணினியில் பேனர் செய்கிறவன். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, சாவு எல்லாவற்றுக்கும் வரிகள் தயாராக இருக்கும். படத்தையும் பெயரையும் மாற்றினால் போதும். ஜெகநாதனுடைய தம்பி சந்திரமோகன் காலையிலேயே வந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அண்ணன் படம் வலப்பக்கம். அதே அளவில், கைகூப்பியபடி, தம்பி படம் இடப்பக்கம். நடுவில் 'காலத்தால் அழியாத காவியமே!' கீழே 'கண்ணீருடன் மனைவி ரஞ்சிதம்'.

அக்கா சந்தனக் கையோடு உள்ளே வந்து திரையைப் பார்த்தார்.

"கீழ என் பேர் போட்டுகீதா?"

"ஆங், இருக்குதுக்கா."

"அப்ப மேல கீறது நான் சொல்றது. அப்படித்தான?"

தலையாட்டினேன்.

"நான் சொல்லலியே! காவியம்னா இன்னா?"

"பெரிய கதைப் பாட்டு மாதிரி."

"பாட்டா? அந்த மனுசன் வாயத் தொறந்தா ரோட்ல போற நாய் எழுந்து ஓடும். இத்த ஆட்டோ ஸ்டாண்டுல கட்டுனா, அவனுங்க என் மூஞ்சப் பாத்து சிரிக்க மாட்டானுங்க? நாங்க சண்ட போட்டதெல்லாம் அவனுங்க எதிர்லதான். என் பேர் போட்டா என் வாயிலர்ந்து வர்ற மாதிரி ஒரு வரி போடு. இல்ல, என் பேர எடு."

பெயரை எடுக்க முடியாது. மனைவி பெயர் இல்லாத நினைவஞ்சலியை ஊர் வேறு மாதிரிப் பேசும். ஆகவே வரியைத் தேட ஆரம்பித்தோம். நான் ஒவ்வொன்றாக வாசித்தேன்.

"ஆண்டொன்று ஓடியும் ஆறவில்லை..."

"ஓடிச்சா? எங்க ஓடிச்சு? செக்குமாடு மாதிரி சுத்திகினு அங்கியே கீது. அடுத்தது."

"நீங்கள் மறைந்து..."

"மறைஞ்சாரா? கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில அத்தன பேர் எதிர்லயும் செத்தாரு. ஒளிஞ்சி விளையாடற மாதிரி எழுதி வெச்சிகீற."

"விண்ணுலகம் சென்ற..."

"மெட்ராஸுக்கு டிரெயின் ஏறச் சொன்னாலே வயித்தக் கலக்குதும்பாரு. விண்ணுலகமாம்."

"காலங்கள் மாறினாலும்..."

"இன்னா மாறிச்சு? கேஸ் வெல மாறிச்சு."

குமரேசன் அண்ணன் பொறுமையை இழந்துகொண்டிருந்தார். பேனர் ஃபைலை அரக்கோணத்துக்கு அனுப்பினால்தான் அங்கே அச்சடித்து மறுநாள் முதல் ரயிலில் கொடுத்துவிடுவார்கள். "யம்மா, ஊர்ல எல்லாரும் இதத்தான் போட்றாங்க. செத்தவரு எழுந்து வந்து படிக்கப் போறாரா?"

"அவரு படிக்க மாட்டாரு. நான் இல்ல தெனம் அந்தப் பக்கம் போகணும்?"

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "டேய், புஸ்தகம் புஸ்தகமா கவித படிக்கிறியே, நீ ஒண்ணு சொல்லேன்."

எனக்குக் காது சூடேறியது. தட்டச்சு செய்து காட்டினேன்: 'நீ இல்லாத நாட்காட்டியில் எல்லாத் தேதிகளும் ஒன்றே.'

அக்கா எழுத்துக் கூட்டி வாசித்தார். "நாட்காட்டின்னா காலண்டரா?"

"ஆமாக்கா."

"எல்லாத் தேதியும் ஒண்ணுன்னா கிருத்திகை எப்ப வரும்? கூட்டம் எப்ப வரும்? நான் சந்தனம் எப்பக் கரைக்கிறது?"

அண்ணன் சிரித்த சிரிப்பில் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அந்த வரியை அழித்தேன். அது போனதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை.

அதற்குள் சந்திரமோகனும் வந்துவிட்டார். "இன்னா அண்ணி, எங்க அண்ணனுக்கு ஒரு காவியம் போடக்கூடாதா?"

"நாலு வருசமா அவரோட பேசாம இருந்தியே, அப்ப எங்க போச்சு காவியம்?"

சந்திரமோகன் திரையில் தன் படத்தைச் சரிபார்க்கப் போனார். அக்கா களைத்துவிட்டார். முட்டியைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்.

"கொறைஞ்ச வார்த்தையில இன்னா கீது?"

"என்றும் நீங்கா நினைவில்."

"நீங்கான்னா?"

"போகாத. விட்டுப் போகாத."

"ஆங். போவாதுதான். போட்டுத் தொல."

மறுநாள் காலை ரயில் நிலையத்துக்குப் பக்கத்து ஆட்டோ ஸ்டாண்டில் பேனரைப் பிரித்தோம். ஜெகநாதன் நன்றாக வந்திருந்தார். சந்திரமோகன் அதைவிட நன்றாக வந்திருந்தார். நடுவில்: 'என்றும் நீங்க நினைவில்'.

எங்கள் கணினியில் ஒரு எழுத்துரு, அரக்கோணத்தில் வேறொன்று. மாற்றும்போது சில சமயம் ஒற்றைக் கொம்பு போகும், சில சமயம் புள்ளி போகும். அன்றைக்கு 'ங்கா'வின் துணைக்கால் போயிருந்தது.

"நீங்கன்னு கீது!" என்று சந்திரமோகன் கத்தினார். "நெனவு நீங்கிடணும்னு இல்ல அர்த்தம் வருது? அஞ்சலியா இது, சாபமா?"

குமரேசன் அண்ணன் தயாராகத்தான் வந்திருந்தார். கறுப்பு ஸ்டிக்கரில் ஒரு துணைக்காலை வெட்டி எடுத்து சந்திரமோகன் விரலில் ஒட்டிவிட்டார். "ஒட்டிட்டா தெரியாது சார். தூரத்துலர்ந்து பாத்தா ஒரிஜினல்."

"நில்லு," என்றார் அக்கா.

பேனருக்கு முன்னால் போய் நின்று வாசித்தார். மறுபடியும் வாசித்தார்.

"இதுக்கு இன்னா அர்த்தம்னு சொன்ன?"

நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. "நினைவு போகணும்னு... அந்த மாதிரி ஆயிடுதுக்கா. தப்புத்தான்."

"இன்னா தப்பு?" குரல் உயர்ந்தது. "நீங்கணும்னுதான் நானும் முருகன வேண்டிகினு கீறேன். தெருமுனையில ரெண்டு ஹாரன் அடிப்பாரு, கொழம்பச் சூடு பண்ணுன்னு அர்த்தம். இப்ப ஊர்ல கீற அத்தன ஆட்டோவும் அதே மாதிரி ரெண்டு ஹாரன் அடிக்குது. ஒவ்வொரு வாட்டியும் எழுந்து அடுப்பாண்ட போறேன். முட்டி வலிக்குது. கொஞ்சம் நீங்கித் தொலைஞ்சா நான் உக்காந்து சாப்பிடுவேன். போவாது போவாதுன்னு நீங்க பெருமையா எழுதிகினு கீறீங்க. போவலியேன்னு கஷ்டப்பட்றவ நானு!"

ஸ்டாண்டின் மூத்த ஓட்டுநர் ராஜகோபால் அப்போதுதான் டீ கிளாசோடு வந்தார். பேனரை நிமிர்ந்து பார்த்து உரக்க வாசித்தார்.

"என்றும், நீங்க, நெனவில். பரவால்லியே ரஞ்சிதம்! அவன் இருந்த வரைக்கும் வாய்யா போய்யான்னு கூப்ட்டுகினு இருந்த. இப்ப மரியாதையா நீங்கன்னு போட்டுகீற."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அக்கா அவர்களை முறைக்கத் திரும்பினார். ஆனால் முறைப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. பேனரை இன்னொரு தடவை பார்த்தார்.

"அப்படியும் படிச்சிக்கோ," என்றார். "இப்படியும் படிச்சிக்கோ. நான்தான் சொன்னேன். ஏய், கட்டுங்கடா."

"அண்ணி, இந்தக் கால்..." சந்திரமோகன் விரலை நீட்டியபடியே நின்றார்.

"அத்த உன் மீசையில ஒட்டிக்கோ."

மொட்டை போட வந்தவர்களோடு ஆந்திரா பஸ் ஒன்று கோயில் பக்கம் திரும்பியது. அக்கா ஓரமாக வைத்திருந்த சந்தனக் குண்டானைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, வழியில் நின்ற ஆட்டோவை நகர்த்தச் சொல்லித் திட்டியபடி நடந்தார்.