கத்திப் பாடியவன்

சென்னையில் கல்லூரி விடுதிக்குப் போன முதல் வாரம், குளியலறை வரிசையில் வாளியோடு நின்றபோதுதான் அவன் குரலை முதலில் கேட்டேன். உள்ளே யாரையோ அடிக்கிறார்கள் என்று நினைத்துக் கதவைத் தட்டினேன். தலை நிறைய சோப்பு நுரையோடு ஒல்லியாக ஒருவன் எட்டிப் பார்த்தான்.

"இன்னா, தண்ணி நின்னுபூடுச்சா?"

அந்தப் பேச்சைக் கேட்டதும் "எந்த ஊரு?" என்றேன். மூங்கில்துறைப்பட்டு என்றான். நான் சின்னசேலத்துக்குப் பக்கத்துக் கிராமம். அவன் பாடிக்கொண்டிருந்தது ஏதோ ஆங்கில ஹார்ட் ராக் பாட்டு. அதில் பாதி வார்த்தைக்கு அவனுக்கே அர்த்தம் தெரியாது.

அவன் அப்பா சர்க்கரை ஆலையில் கொதிகலன் பார்ப்பவர். "மில்லு சங்கு ஊதுறப்பல்லாம் நானும் கூடவே கத்துவேன். எது மொதல்ல நிக்குதுன்னு பாப்பேன்" என்று சொல்லிச் சிரிப்பான். கிறிஸ்தவக் குடும்பம். பன்னிரண்டு வயதில் சர்ச் பாடகர் குழுவிலிருந்து அவனை நிறுத்திவிட்டார்களாம். அவன் வாயைத் திறந்தால் மற்ற யார் குரலும் கேட்கவில்லை என்பது காரணம். எனக்கோ இசை என்றால் பள்ளிக்கூட அணிவகுப்பில் கழுத்தில் மாட்டிக்கொண்டு அடித்த டிரம் மட்டும்தான். அது போதும் என்று அவன் சொன்னான்.

இரண்டாம் வருடம் கிடார் வாசிக்கிற சென்னைப் பையன்கள் இருவரைச் சேர்த்துக்கொண்டு நால்வராக ஆனோம். அவன் முடியைத் தோள்வரை வளர்த்தான். மற்ற கல்லூரி விழாக்களுக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். சாதாரணமாகப் பேசும்போது எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்கக் கூசுகிறவன், மைக்கைப் பிடித்ததும் கழுத்து நரம்பு புடைக்க அடிவயிற்றிலிருந்து கத்துவான். பின்னால் உட்கார்ந்திருக்கும் எனக்கு அவன் முதுகு மட்டும்தான் தெரியும். நான்காவது பாட்டுக்குள் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிவிடும். நான் அவனைப் பார்த்தது பெரும்பாலும் அப்படித்தான்.

கல்லூரி முடிந்த வருடம் கள்ளக்குறிச்சிப் பொருட்காட்சித் திடலில் ஒரு கச்சேரிக்கு அவனே அலைந்து ஏற்பாடு செய்தான். "நம்ம ஜனங்க கேக்கணும்டா" என்றான். ஜனங்கள் சினிமாப் பாட்டை எதிர்பார்த்துக் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். முதல் பாட்டு முடிவதற்குள் "நிறுத்துடா" என்று கூச்சல் எழுந்தது. இரண்டாவது பாட்டுக்குச் செருப்பு வந்தது. மூன்றாவதில் ஒரு கல் அவன் நெற்றியில் பட்டது. கிடார்க்காரர்கள் இருவரும் மேடைக்குப் பின்னால் ஓடிவிட்டார்கள். அவன் புறங்கையால் ரத்தத்தைத் துடைத்துவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தான். நான் அடித்தேன். அவன் அந்தப் பாட்டை முடித்துவிட்டுத்தான் இறங்கினான்.

தையல் போட்டுக்கொண்டு வெளியே வந்தவன், "அவுங்க மேல தப்பு இல்ல. இங்கிலீசுல கத்திக்கினு இருந்தா இன்னா புரியும்? நம்ம பாஷையில கத்தணும்" என்றான்.

அப்புறம் ஆறேழு மாதம், சென்னையில் நாங்கள் எடுத்திருந்த அறையில் அவன் எழுதிக்கொண்டே இருந்தான். மொத்தம் எட்டுப் பாட்டு. ஒன்று அவன் அப்பாவைப் பற்றியது. "கொதிகலன்ல எங்கப்பன் வேகுறான், உங்க காப்பிக்குச் சக்கரை போதுமா" என்று ஆரம்பிக்கும். அதைப் பழகிப் பார்த்த முதல் நாள், அடிப்பதை நிறுத்திவிட்டு நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். சென்னையில் ஒரு கேசட் கம்பெனி முதலாளி எப்படியோ அதைக் கேட்டுவிட்டு, ஸ்டுடியோவில் ஒரு நாள் தருகிறேன், எட்டையும் பதிவு செய்யுங்கள் என்றார். தேதியும் குறித்தார்.

அந்த வாரம்தான் மறியல். எங்கள் சாதிக்குத் தனி இடஒதுக்கீடு கேட்டு, ஒரு வாரம் சாலைகளை மறிப்பதென்று சங்கத்தில் முடிவு செய்திருந்தார்கள். வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும் என்பது எங்கள் ஊர்க் கட்டுப்பாடு. அப்பாவுக்கு மூச்சிரைப்பு. அண்ணன் இல்லை. கடிதம் வந்தது, நான் ஊருக்கு வந்துவிட்டேன்.

மறியலுக்கு முதல் நாள் மத்தியானம், அவன் பஸ் பிடித்து எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டான். களத்தில் கயிறும் கோடாரியும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன்.

"கெளம்புடா. நாளைக்கு பஸ் ஓடாது. இன்னிக்கே போயிடலாம்."

"நான் வர முடியாதுடா. எங்க வூட்டுல வேற ஆம்பள இல்ல. நான் போவலன்னா அப்பன ஊர்ல தள்ளி வச்சிடுவாங்க."

"ஒரு நாள்டா. பாடிட்டு திரும்பி வந்துடு."

"எப்படிடா திரும்பி வர்றது? ரோடே இருக்காது."

அவன் கோடாரியைப் பார்த்தான். "நீங்க ஒதுக்கீடு கேக்குறது நாயம்தான். நான் இல்லன்னு சொல்லல. எனுக்கு ஒரே ஒரு நாள்தான் வேணும்" என்றான்.

அப்பா உள்ளேயிருந்து இருமினார். வேறு யாரையாவது வைத்து அடிக்கச் சொல் என்றேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. என் அம்மா கொடுத்த மோரைக்கூடக் குடிக்காமல் அவன் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தான். அன்றைக்கே பஸ்கள் பாதி நின்றுவிட்டிருந்தன. சின்னசேலம் வரை நடந்து போய் ரயில் நிலையத்தில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தான் என்றும், ரயிலும் வரவில்லை என்றும் பிறகு தெரிந்தது.

நாங்கள் புளியமரங்களை வெட்டி ரோட்டில் சாய்த்தோம். மூன்றாம் நாள் போலீஸ் வந்து முப்பது பேரை லாரியில் ஏற்றியது. நானும் அதில் இருந்தேன். சிறையில் மூன்று வாரம். வெளியே வந்து நாலைந்து மாதம் கழித்துச் சென்னைக்குப் போனபோது அவன் அறையில் இல்லை. அவன் போய்ச் சேர்ந்தது குறித்த தேதிக்கு நான்கு நாள் கழித்து. முதலாளி அந்த நாளை ஒரு பக்திப் பாட்டுக் குழுவுக்குக் கொடுத்துவிட்டார். இன்னொரு தேதி கேட்டு அவன் இரண்டு மாதம் அந்தக் கம்பெனி வாசலில் நின்றிருக்கிறான். கடைசியில் அங்கே ஒரு மேனேஜரை அடித்துவிட்டான். அதோடு முடிந்தது. கிடார்ப் பையன்களில் ஒருவன் துபாய்க்குப் போனான், ஒருவன் வங்கிக்கு. அவன் குடிக்க ஆரம்பித்தான்.

அவனைத் தேடிக் கண்டுபிடித்தபோது அவன் ஒரு டப்பிங் கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். சினிமாவில் அடிபட்டு விழுகிற அடியாட்களுக்குக் குரல் கொடுக்கிற வேலை. மாடியிலிருந்து விழுகிறவன், நெருப்பில் எரிகிறவன், கத்தியால் குத்தப்படுகிறவன் எல்லாருக்கும் அவன்தான் கத்தினான். காலையிலிருந்து சாயங்காலம் வரை கத்துவான்.

"ஒரு நாளைக்கு இருவது சாவு சாவுறேன்டா" என்றான். நான் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை. மறியலைப் பற்றி இருவரும் பேசவில்லை. நான் ஊர் திரும்பினேன்.

இரண்டு வருடம் கழித்து ஒதுக்கீடு கிடைத்தது. அந்த ஒதுக்கீட்டில்தான் எனக்கும் வேலை கிடைத்தது. எழுத்தர் வேலை, கல்வராயன் மலையில். இந்தச் செய்தியை அவனுக்கு நான் எழுதவில்லை. பலமுறை கடிதம் எடுத்தேன், எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அப்படியே ஐந்தாறு வருடம் போய்விட்டது. கல்யாணம் ஆயிற்று. டிரம்மைத் தொடவேயில்லை.

ஒரு நாள் அலுவலக வேலையாகக் கள்ளக்குறிச்சிக்கு இறங்கியிருந்தேன். கடைத்தெருவில் ஆட்டோ ஒன்றில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டி ஜவுளிக்கடை விளம்பரம் செய்துகொண்டு போனார்கள். தொண்டையில் மண் அள்ளிப் போட்டது போன்ற குரல். ஆடித் தள்ளுபடி என்கிற வார்த்தையில் கடைசி எழுத்து மேலே ஏறி உடைந்தது. அது அவன் குரல். ஓடிப் போய் ஆட்டோவை நிறுத்தினேன்.

முடி கொட்டி, பல் இரண்டு போயிருந்தது. மைக்கை அணைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"இன்னாடா, ஆபீசர் ஆயிட்டியா?"

அன்றே அவனை மலைக்குக் கூட்டிப் போனேன். எங்கள் குடியிருப்பில் இரண்டு மாதம் இருந்தான். என் மனைவி முகம் சுளிக்காமல் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். கெட்டியாக எதையும் அவனால் விழுங்க முடியவில்லை. பகலில் வாசல் கல்லில் உட்கார்ந்து எதிர்ச் சரிவில் சாமை அறுப்பவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பான். குடிப்பதை விட்டிருந்தான். விட்டானா, தொண்டை விடவைத்ததா என்று தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, "மேசைய தட்டுடா" என்றான். தட்டினேன். கொதிகலன் பாட்டை ஆரம்பித்தான். இரண்டாவது வரியில் குரல் நின்று காற்று மட்டும் வந்தது. இருமினான். துண்டில் ரத்தம் இருந்தது. துண்டை மடித்து வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் வெகு நாளாகக் கேட்க நினைத்ததை அப்போதுதான் கேட்டேன். "அன்னிக்கு நான் வந்திருந்தா..."

"வந்திருந்தாலும் நான் குடிச்சிருப்பேன்" என்றான் உடனே. அது உண்மையா, என்னைச் சமாதானப்படுத்தச் சொன்னதா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அவ்வளவு சீக்கிரம் பதில் வந்ததைப் பார்த்தால், அவனும் அதையே பல நாள் யோசித்திருப்பான் போலிருக்கிறது.

பெரிய ஆஸ்பத்திரியில் தொண்டையில் புற்று என்றார்கள். குரல்வளையை எடுத்தால் சில வருடம் இருக்கலாம் என்றார் டாக்டர். அவன் வேண்டாம் என்று கையை ஆட்டினான். நான் கெஞ்சினேன். "கத்துறதுக்குன்னு ஆண்டவன் ஒண்ணுதான் குடுத்தான். அத்த புடுங்கிக்கினு இன்னாடா இருக்கறது" என்றான். அவனை அவன் அப்பா வீட்டில் கொண்டுபோய் விட்டேன். ஆறு வாரம் இருந்தான்.

அடக்கத்துக்குப் போதகரையும் சேர்த்துப் பதினைந்து பேர்கூட இல்லை. கரும்பு அரைவைக் காலம், எல்லாரும் வேலைக்குப் போயிருந்தார்கள். மண் போட்டு முடிந்ததும் அவன் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நீங்க அவன் கூட வாசிச்சவரு. நல்லா பாடுவானா எம்மவன்? நான் ஒரு தபாகூட கேட்டதில்ல. கத்துறான், கத்துறான்னுதான் எல்லாரும் சொன்னாங்க. நானும் போவல."

"நல்லா பாடுவாருங்க" என்றேன்.

"எத்தப் பத்திப் பாடுவான்?"

உங்களைப் பற்றி ஒரு பாட்டு இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். வார்த்தையெல்லாம் நினைவில் இருந்தது. ஆனால் வேகுறான் என்கிற சொல்லை அந்த மனிதரின் முகத்துக்கு நேரே என்னால் சொல்ல முடியவில்லை.

"எல்லாத்தையும் பத்திங்க" என்றேன்.

அவர் தலையாட்டினார். இரண்டு மணி ஷிப்ட்டுக்குப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டு, கல்லறைத் தோட்டத்துக் கதவருகே சாத்தியிருந்த சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார்.