அயலவர் என்று எங்களை அழைத்தார்கள்

கொட்டாஞ்சேனையில் நாங்கள் குடியிருந்த ஒழுங்கையின் பின்மதிலுக்கு அப்பால் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலை இருந்தது. வாளி, கூடை, சாப்பாட்டுப் பெட்டி எல்லாம் அங்கே செய்தார்கள். பகலில் அதன் சத்தம் தெரு இரைச்சலோடு கலந்துவிடும். இரவில்தான் கரைச்சல். அச்சு இயந்திரம் விட்டு விட்டு 'தொம்' என்று மூடும். எங்கள் படுக்கையறைச் சுவர் லேசாக அதிரும்.

மகனுக்கு அப்போது மூன்று வயது. நகரத்தில் குண்டு வெடித்த ஒரு நாள் அவனும் நானும் பஸ்ஸில் அந்தப் பக்கமாக வந்துகொண்டிருந்தோம். எங்களுக்குக் காயம் இல்லை. ஆனால் அதன் பிறகு இரவில் அந்தச் சத்தம் கேட்டால் எழும்பி உட்கார்ந்துவிடுவான். அழமாட்டான். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். கணவர் சவூதியில். நான் கொள்ளுப்பிட்டியில் ஒரு அலுவலகத்தில் தட்டெழுத்து வேலை. காலையில் பிள்ளையைப் பக்கத்து வீட்டு அன்ரியிடம் விட்டுவிட்டு, பஸ்ஸில் நின்றபடியே தூங்கி வழிவேன்.

அந்தச் சமயம் தொழிற்சாலைக்குப் புது மனேஜர் வந்தார். சிங்களவர், நடுத்தர வயது, மெதுவாகப் பேசுவார். வந்த சில வாரங்களிலேயே ஒழுங்கையில் வீடு வீடாக ஏறி இறங்கினார். எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடித்தார். "நாங்கள் உங்களுக்கு அயலவர். உங்களைக் கேட்காமல் இவ்வளவு காலமும் இருந்தது பிழை" என்று ஆங்கிலத்தில் சொன்னார். அதற்கு முன் மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருவரும் எங்களிடம் அப்படிக் கதைத்ததில்லை.

பிறகு தேவாலயத்தின் பின்மண்டபத்தில் கூட்டம் வைத்தார். ஒருவர் கழிவுநீர் ஓடும் கானை வெட்டித் தரச் சொன்னார். இன்னொருவர் தன் மகனுக்கு வேலை கேட்டார். எனக்கு ஆங்கிலம் ஓடும் என்பதால் அன்ரி என் முழங்கையில் இடித்து, "நீர் எழும்பிச் சொல்லும் பிள்ளை" என்றார். நான் எழும்பினேன். இரவுச் சத்தத்தைப் பற்றியும் மகனைப் பற்றியும் சொன்னேன். சொல்லி முடித்தபோது மண்டபம் முழுவதும் தலையாட்டியது.

முதலில் இயந்திரத்தின் அடியில் தடித்த ரப்பர் போட்டுப் பார்த்தார்கள். சத்தம் குறையவில்லை. பிறகு ஒரு மாலை மனேஜரே வீட்டுக்கு வந்து, இரவு வேலையை நிறுத்தி எல்லோரையும் பகலுக்கு மாற்றிவிட்டதாகச் சொன்னார். அன்றிரவு மகன் விடியும் வரை அசையாமல் படுத்திருந்தான். ஒழுங்கையில் என்னைக் கண்டவர்கள் எல்லாம் சிரித்தார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. கணவருக்கு அதைப் பக்கம் பக்கமாக எழுதினேன்.

ஒழுங்கை முனையில் ஒரு மாடிவீடு. அதன் மேலறையில் ஐந்து பெண்கள் வாடகைக்கு இருந்தார்கள். ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்து, அந்தத் தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்தவர்கள். பகலில் தூங்குவார்கள் என்பதால் அவர்களை அதிகம் காணக் கிடைக்காது. மனேஜர் வீடு வீடாக வந்தபோது அந்த மேலறைக்கு ஏறவில்லை. கூட்டத்துக்கு அவர்களை ஒருவரும் கூப்பிடவில்லை. எனக்கும் அது தோன்றவில்லை.

அவர்களில் இளையவளை எனக்குத் தெரியும். கடையில் பாண் வாங்க வரும்போது மகனைத் தூக்கிக் கொஞ்சுவாள். இரவு வேலை நின்று சில நாட்களின் பின் அவளைக் கடையில் கண்டேன். மகனை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"இப்ப இரவில நல்லா நித்திரை கொள்ளலாம் என்ன?" என்று கேட்டேன்.

"எங்கங்க அக்கா தூங்குறது" என்றாள். "ராவுக்கு பெக்டரிக்குள்ள இருந்தா பயமில்ல. கேட்டு பூட்டியிருக்கும், வாட்சர் இருப்பாரு. ஐடென்டி எங்கேன்னு யாரும் வந்து கேக்க மாட்டாங்க. ரூம்ல இருந்தா எப்ப கதவத் தட்டுவாங்களோன்னு முழிச்சுக்கிட்டே கெடக்கிறோம்."

"பொலிஸில பதியேல்லையோ?" என்றேன். வெளியூர்த் தமிழர் கொழும்பில் தங்கினால் வீட்டுக்காரர் பொலிஸில் பதிய வேண்டியிருந்த காலம் அது.

"வீட்டுக்காரம்மா போறேன் போறேன்னு சொல்றாங்க. போகல." பிறகு சொன்னாள்: "பக்கத்து வீடுகள்ல யாரோ கம்ப்ளைன் பண்ணாங்களாம், அதான் நிப்பாட்டிட்டாங்க."

"ஓம், நானும் கேள்விப்பட்டனான்" என்றேன்.

பாண் இன்னும் சூடாக இருந்தது. மகன் அவள் தோளிலிருந்து இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தான். நான் அவனை இழுத்து வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அதற்கடுத்த மாதம் ஒரு விடியற்காலை பொலிஸார் ஒழுங்கையைச் சுற்றிவளைத்தார்கள். எங்கள் கதவையும் தட்டினார்கள். நான் அடையாள அட்டையையும் பொலிஸ் பதிவையும் நீட்டினேன். அதிகாரி டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு, உள்ளே படுத்திருந்த பிள்ளையையும் ஒருமுறை பார்த்து, "ஹரி, ஹரி" என்று சிங்களத்தில் சரி சொன்னபடி அடுத்த வீட்டுக்குப் போனார். கதவைச் சாத்தப் போனபோதுதான் மேலறைப் பெண்களைக் கூட்டிவருவதைக் கண்டேன். மூன்று பேரை விட்டுவிட்டு இரண்டு பேரைக் கொண்டுபோனார்கள். இளையவளும் அதில் ஒருத்தி. இரவுச் சட்டைக்கு மேல் ஒரு துவாயைப் போர்த்திருந்தாள். என் கேற்றைக் கடக்கும்போது, "அக்கா, மனேஜர் ஐயாகிட்ட சொல்லுங்க" என்றாள். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஏதோ சாமான் வாங்கிவரச் சொல்வதுபோலச் சொன்னாள்.

தொழிற்சாலை திறக்கும் முன்பே போய் வாசலில் நின்றேன். மனேஜர் கேட்டுவிட்டு, காரை விட்டு இறங்காமலே பொலிசுக்குப் போனார். ஒன்றுக்கு மூன்று தடவை அலைந்துதான் அவர்களை வெளியே எடுத்தார். அதற்குள் சில நாட்கள் போய்விட்டன. தன் காரிலேயே கொண்டுவந்து ஒழுங்கையில் இறக்கிவிட்டார்.

அன்று மாலை அவர் என் வீட்டுக்கு வந்தார்.

"இரவு வேலையைத் திரும்பத் தொடங்கச் சொல்லி அந்தப் பிள்ளைகள் கேட்கிறார்கள். எனக்கும் அது சரியென்று படுகிறது. ஆனால் உங்கள் ஆட்களுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?"

"என்ர வீடு மட்டும் இல்லைத்தானே. மற்ற ஆக்களும் விரும்பமாட்டினம்" என்ற அர்த்தத்தில் ஏதோ ஆங்கிலத்தில் சொன்னேன்.

"மற்றவர்களை நான் கேட்கிறேன். நீங்கள்?"

உள்ளறையில் மகன் தூங்கிக்கொண்டிருந்தான். வாய் லேசாகத் திறந்திருந்தது. நான் அவனையே பார்த்தேன். "அவன் இப்பதான் நித்திரை கொள்ளத் தொடங்கியிருக்கிறான்" என்றேன்.

மனேஜர் தலையாட்டினார். கோபப்படவில்லை. தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினார். மற்ற வீடுகளைக் கேட்டாரோ தெரியாது. இயந்திரம் இரவில் பிறகு ஓடவேயில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை இளையவள் வந்தாள். ஒரு பை, சீப்பு செருகிய ஈரத் தலை. உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"ஊருக்கே போறேங்க அக்கா. அப்பா வந்திருக்காரு, ஸ்டேசன்ல நிக்கிறாரு. இனி கொழுந்துதான்."

"திரும்பி வரமாட்டியோ?"

"விடமாட்டாங்க." மகனின் கன்னத்தைக் கிள்ளினாள். "நீங்க போயி சொன்னதாலதான் அவரு வந்தாரு. இல்லாட்டி நாங்க யாருன்னு யாருக்குத் தெரியும்? ரொம்ப பெரிய உதவிங்க அக்கா."

அப்போது சொல்லியிருக்கலாம். வாசலில் வேறு ஒருவரும் இல்லை. அவள் என்னைத் திட்டியிருக்கவும் மாட்டாள், அதுவும் எனக்குத் தெரியும். நான் உள்ளே போய் ஒரு பிஸ்கட் பக்கெட்டை எடுத்துவந்து அவள் பையில் வைத்தேன். "கவனமாப் போ" என்றேன். அவள் திரும்பித் திரும்பி மகனுக்குக் கைகாட்டிக்கொண்டே போனாள்.

அந்த வருடம் தீபாவளிக்கும் கிறிஸ்மஸுக்கும் பொதுவாக, தொழிற்சாலை ஒழுங்கையின் எல்லா வீடுகளுக்கும் மூடி போட்ட பச்சைக் கூடை ஒன்று கொடுத்தது. கானையும் வெட்டித் தந்திருந்தார்கள். "இப்பிடியொரு கொம்பனியைக் காணேலாது. எங்களைக் கேக்காமல் ஒரு ஆணியும் அடிக்கமாட்டினம்" என்று அன்ரி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். "என்ன பிள்ளை, நான் சொல்லுறது சரிதானே?" என்று என்னிடமும் கேட்டார்.

"ஓம் அன்ரி" என்றேன்.

அது பொய்யும் இல்லை. பிறகு வெள்ளவத்தைக்கு வீடு மாறியபோது அந்தக் கூடையில்தான் மகனின் உடுப்புகளைக் கொண்டுபோனேன். நல்ல தடித்த பிளாஸ்டிக். வெகுகாலம் உடையவில்லை.